பட்டாளம் முடிந்தது, அடுத்த வேலை என்ன?

பெரியவர்களே, அக்காமார்களே, அண்ணன்மார்களே! பகல் முழுதும் வேலை செய்துவிட்டு, இரவில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். பட்டாளத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர்களுக்கு அரசு என்ன வேலை தருகிறது? என்ன பயிற்சி தருகிறது? அதை எப்படிக் கேட்டு வாங்குவது? இவைதான் இன்றைய பேச்சு.

"அது பட்டாளத்துக்காரர் பாடு. நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். இங்கே இருக்கிற சிலருக்குக் கணவர் பட்டாளத்தில் இருப்பார். சிலருக்கு மகன் இருப்பான். சிலருக்குத் தம்பி இருப்பான். அவர் எல்லையில் நிற்கும்போது வீட்டுக் காகிதங்களைப் பத்திரமாக வைப்பவர் யார்? நீங்கள்தான். அதனால் இந்தச் செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

38 வயதில் ஓய்வு

பள்ளி ஆசிரியர் 58 வயதிலோ 60 வயதிலோ ஓய்வு பெறுகிறார். தபால்காரரும் அப்படித்தான். ஆனால் படைவீரர் அப்படி இல்லை. படைக்கு இளைஞர்கள் வேண்டும். மலை ஏற வேண்டும். பனியில் நிற்க வேண்டும். அதனால் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 35 வயது முதல் 45 வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார்கள்.

ஆண்டுதோறும் இப்படி வருகிறவர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். இந்தியா முழுவதும் அவர்கள் பரவியிருக்கிறார்கள். பஞ்சாபில் இருக்கிறார்கள். உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் இருக்கிறார்கள். நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள்.

38 வயதில் வீட்டுக்கு வருகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். பெரிய பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பையன் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். வீட்டுக் கடன் பாதி நிற்கிறது. ஓய்வூதியம் வரும். ஆனால் அது வாங்கிய சம்பளம் அளவுக்கு வராது. செலவோ இனிமேல்தான் கூடப் போகிறது. உடம்பில் வலு இருக்கிறது. கையில் தொழில் இருக்கிறது. அவர் இன்னும் 20 ஆண்டு வேலை செய்ய முடியும். அந்த வேலைக்கு வழி காட்டுவது அரசின் கடமை.

இது புதிய ஏற்பாடு அல்ல

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது. போருக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கவனிக்க 1919-இல் ஒரு வாரியம் அமைத்தார்கள். அதுதான் இன்று கேந்திரிய சைனிக் போர்டு என்ற பெயரில் டெல்லியில் இருக்கிறது.

இன்னொரு செய்தி சொல்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகம் நம் எல்லோருக்கும் தெரியும். பத்தாவது முடித்த பிள்ளைகள் அங்கே போய்ப் பெயர் பதிவார்கள். அந்த அலுவலகம் முதலில் யாருக்காகத் திறக்கப்பட்டது தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, 1945-இல் திறக்கப்பட்டது. போர்க் காலத்தில் தொழிற்சாலைகளில் இருந்து வேலை போனவர்களும் அங்கே பதிந்தார்கள். பிறகு 1948-இல்தான் எல்லோரும் பதியலாம் என்று ஆக்கினார்கள். சிப்பாய்க்காகத் திறந்த கதவு இன்று எல்லோருக்கும் பயன்படுகிறது.

எத்தனை இடம்?

இப்போது ஒதுக்கீட்டுக்கு வருவோம். எண்களை மெதுவாகச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு அலுவலகங்களில் 'சி' பிரிவு என்று ஒன்று உண்டு. எழுத்தர், ஓட்டுநர், காவலர் போன்ற வேலைகள் அதில் வரும். அந்த வேலைகளுக்கு நேரடியாக ஆள் எடுக்கும்போது 100 இடத்தில் 10 இடம் முன்னாள் படைவீரருக்கு.

முன்பு 'டி' பிரிவு என்று இருந்த கடைநிலை வேலைகளில் 100-க்கு 20 இடம். ரயில்வேயில் நிலை 1 என்று சொல்லும் வேலைகளிலும் 100-க்கு 20 இடம்.

பொதுத்துறை நிறுவனங்களும் அரசு வங்கிகளும் இன்னும் கூடுதலாகத் தருகின்றன. எழுத்தர் நிலையில் 100-க்கு பதினான்கரை இடம். கடைநிலையில் 100-க்கு இருபத்து நாலரை இடம். இதற்குள் நாலரை இடம் படையில் ஊனமுற்றவர்களுக்கும், போரில் உயிர் இழந்தவர்களின் குடும்பத்தாருக்கும்.

மாநில அரசுகளும் இடம் ஒதுக்குகின்றன. அந்த அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்கள் முன்னாள் படைவீரருக்காகவே தனி நிறுவனங்களைத் தொடங்கின. பஞ்சாபில் பெஸ்கோ, கேரளத்தில் கெக்ஸ்கான், மகாராஷ்டிராவில் மெஸ்கோ, தமிழ்நாட்டில் டெக்ஸ்கோ. காவல் பணி போன்ற வேலைகளுக்கு இவை ஆள் அனுப்புகின்றன.

சிலருக்கு ஒரு பயம் உண்டு. "புது வேலையில் சேர்ந்தால் ஓய்வூதியம் நின்றுவிடுமோ?" என்று கேட்பார்கள். நிற்காது. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை இருந்தவர்கள் மத்திய அரசு வேலையில் மறுபடி சேர்ந்தால், ஓய்வூதியமும் வரும், புதிய சம்பளமும் வரும்.

வயதுக் கணக்கு

"எனக்கு 38 வயது ஆகிவிட்டது. வேலைக்கு 25 வயதுக்குள் கேட்கிறார்கள். எனக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்கிறார். இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம்.

அவர் வயது 38. படையில் இருந்தது 17 ஆண்டு. 38-இல் 17 போனால் 21. அரசு இந்த 21-ஐத்தான் அவர் வயதாகப் பார்க்கும். அதோடு இன்னும் 3 ஆண்டு சலுகையும் உண்டு. அதாவது 25 என்ற வரம்பு அவருக்கு 28 ஆகிறது. 21 என்பது 28-க்குள் அடங்குகிறதா? அடங்குகிறது. ஆகவே அவர் விண்ணப்பிக்கலாம்.

கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும். "வயது தாண்டிவிட்டது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். முதலில் கணக்குப் போடுங்கள்.

படிப்புக்கும் சலுகை

படிப்பிலும் ஒரு விதி உண்டு. பத்தாவது தேறிய ஒருவர் படையில் 15 ஆண்டோ அதற்கு மேலோ பணி செய்திருக்கிறார். ஒரு 'சி' பிரிவு வேலைக்குப் பட்டப் படிப்பு கேட்கிறார்கள். தொழில்நுட்ப அனுபவம் கேட்கவில்லை. அப்படியானால் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடத்துக்கு அவர் விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்குப் போகாதவர்தான். ஆனால் 15 ஆண்டுப் பணியை அரசு அந்த இடத்தில் மதிக்கிறது.

படையிலேயே கல்விச் சான்றிதழ் தேர்வு நடத்துவார்கள். அந்தச் சிறப்புச் சான்றிதழ் பெற்றவரையும் இந்த விதியில் பத்தாவது தேறியவராகவே எடுத்துக்கொள்வார்கள்.

அரசுப் பணித் தேர்வுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது பழைய நிலை. பணியாளர் தேர்வாணையம் 2023 முதல் சில தேர்வுகளைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்துகிறது. மத்திய ஆயுதப் போலீஸ் காவலர் தேர்வும் 2024 முதல் அப்படி நடக்கிறது. தமிழில் படிக்கத் தெரிந்தவர் தமிழில் எழுதலாம்.

பயிற்சி எங்கே?

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. டி.ஜி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓய்வு பெறப் போகிறவர்களுக்குத் தொழில் பயிற்சி ஏற்பாடு செய்வது அதன் வேலை. கணினி, தீயணைப்புப் பாதுகாப்பு, காவல் மேற்பார்வை போன்ற பல பயிற்சிகள் உண்டு. சில பயிற்சிகள் சில வாரம், சில பயிற்சிகள் சில மாதம். அதிகாரிகள் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும். சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும் கட்டணம் இல்லை.

எப்போது கேட்க வேண்டும்? படையை விட்டு வந்த பிறகு அல்ல. கடைசி ஆண்டிலேயே கேட்க வேண்டும். தன் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் நல்ல வாய்ப்பு கைநழுவிப் போகும். வேலைக்கு விண்ணப்பிப்பதும் அப்படித்தான். ஓய்வுக்கு ஓர் ஆண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கத் தொடங்கலாம்.

பணியில் இருக்கும்போது பயிற்சி பெற முடியாமல் போனவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சைனிக் போர்டு வழியாக அவர்களுக்குப் பயிற்சி நடத்துகிறார்கள். பயிற்சிக்கு முன்பே அவர் இறந்துவிட்டால், அவர் மனைவியோ குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பயிற்சியைப் பெறலாம். அக்காமார்கள் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. படையில் எத்தனையோ தொழில் கற்றுக்கொள்கிறார்கள். ஓட்டுநர் இருக்கிறார். மெக்கானிக் இருக்கிறார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் இருக்கிறார். சமையல்காரர் இருக்கிறார். படையில் கற்ற எந்தத் தொழிலுக்கு வெளியே எந்தத் தொழில் சமம் என்று அரசு பட்டியல் வைத்திருக்கிறது. ஆகவே வெளியே வரும்முன் தொழில் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். வாயால் "எனக்கு என்ஜின் வேலை தெரியும்" என்றால் போதாது. காகிதம் வேண்டும்.

இடம் இருக்கிறது, ஆள் இல்லை

இவ்வளவும் கேட்டால், "அப்படியானால் எல்லோருக்கும் வேலை கிடைத்திருக்குமே" என்று தோன்றும். உண்மை வேறு.

2021 ஜூன் மாதக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். மத்திய அரசின் 34 துறைகளில் 'சி' பிரிவில் வேலை செய்தவர்கள் 10 லட்சத்து 84 ஆயிரத்து 705 பேர். அதில் முன்னாள் படைவீரர் 13 ஆயிரத்து 976 பேர். அதாவது 100 பேரில் ஒருவர், அல்லது ஒன்றரை பேர்கூட இல்லை. ஆள் எடுக்கும்போது ஒதுக்குவதோ 100-க்கு 10.

ஏன் இப்படி? பலர் விண்ணப்பிப்பதே இல்லை. அறிவிப்பு வந்தது தெரிவதில்லை. விண்ணப்பித்தவர்களில் பலர் தேர்வில் தேறுவதில்லை. 17 ஆண்டு துப்பாக்கி பிடித்த கை மறுபடி பேனா பிடிக்கத் தயங்குகிறது. அலுவலகங்களும் ஒதுக்கீட்டை நிரப்ப முழு அக்கறை காட்ட வேண்டும். எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை.

இதில் ஒரு விஷயம் முக்கியம். முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடத்துக்குத் தகுதியான ஆள் கிடைக்காவிட்டால், அந்த இடம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்காது. அதே தேர்வில் வேறு ஒருவருக்குப் போய்விடும். நாம் கேட்காத இடம் நமக்கு இல்லை.

மத்திய அரசின் இந்த இடங்களுக்குக் கேட்கிறவர் யார் என்பதிலும் ஒரு விதி உண்டு. ஓய்வூதியத்தோடு வந்தவர், படைப் பணியால் வந்த ஊனத்தால் அனுப்பப்பட்டவர், ஆள் குறைப்பில் விடுவிக்கப்பட்டவர் ஆகியோர் முன்னாள் படைவீரர். ஓய்வூதியத் தகுதி வருமுன் தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இந்த ஒதுக்கீடு கிடைக்காது. "என்னால் முடியவில்லை, வந்துவிடுகிறேன்" என்று மகன் தொலைபேசியில் சொன்னால், இதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒதுக்கீட்டில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால் பிறகு அந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்த முடியாது. ஆனால் முதல் வேலையில் சேரும் முன்பே வேறு வேலைகளுக்கும் விண்ணப்பித்திருந்தால் உரிமை உண்டு. அந்த விண்ணப்பங்களைத் தேதியோடு புதிய அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே எந்த வேலைக்கு என்று விண்ணப்பித்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அக்னிவீரர்கள்

2022-இல் அக்னிபத் திட்டம் வந்தது. அதில் சேர்கிற பிள்ளைகளை அக்னிவீரர் என்கிறார்கள். அவர்களுக்குப் பணி 4 ஆண்டுதான். 100 பேரில் 25 பேர் வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். திட்டம் அறிவித்தபோது அது சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் என்றார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பணம் அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் பிடித்ததுதான்.

4 ஆண்டு முடித்து வருகிற அக்னிவீரருக்கு, நான் முதலில் சொன்ன முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. அவர்களுக்கென்று மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் தனியே இடம் ஒதுக்குவதாக 2022-இல் அரசு அறிவித்தது. இரண்டும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பணம் கைக்கு வரும் நாளில் "வண்டி வாங்கு, நகை வாங்கு" என்று பலர் சொல்வார்கள். 22, 23 வயதுப் பிள்ளைக்கு அது அடுத்த படிப்புக்கும் தொழிலுக்கும் உரிய முதல்.

வீட்டில் இருக்கும் காகிதங்கள்

கடைசியாக உங்கள் பங்கைச் சொல்கிறேன்.

படையிலிருந்து வருகிறவர் கையில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். ஓய்வூதிய ஆணை இருக்கும். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். "எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். படை எண், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி ஆகியவற்றை நீங்களே படிக்கலாம்.

படியுங்கள். பிறகு ஆதார் அட்டையை எடுங்கள். பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மனைவியின் பெயர் படைப் பதிவில் எழுதப்பட்டிருக்கிறதா? பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா? ஆதாரில் உள்ள எழுத்தும் அங்கே உள்ள எழுத்தும் ஒன்றா? ஆங்கிலம் படிக்கிற பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலை நேரத்திலும் ஓய்வூதிய நேரத்திலும் இழுபறி ஆகும். வீட்டுக்காரர் நல்லபடியாக இருக்கும்போதே அதைத் திருத்துவது எளிது. அவர் போன பிறகு, கண்ணீரோடு அலுவலகம் அலுவலகமாக அலைவது கடினம்.

பிறகு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் அதை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பார்கள். வட மாநிலங்களில் ஜில்லா சைனிக் போர்டு என்பார்கள். அங்கே பெயர் பதிந்து அடையாள அட்டை வாங்க வேண்டும். வேலைக்கும் அங்கே பதிய வேண்டும். பதிவை விட்டுவிடாமல் உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. "பட்டாளக் கோட்டாவில் வேலை வாங்கித் தருகிறேன், இரண்டு லட்சம் கொடு" என்று சிலர் வருவார்கள். ஒதுக்கீட்டு இடம் யாரும் விற்கும் பொருள் அல்ல. அது தேர்வு எழுதி, காகிதம் காட்டிப் பெறுவது. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

தனியார் நிறுவனத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தாலும் சம்பளச் சீட்டு கேளுங்கள். வருங்கால வைப்பு நிதி எண்ணைக் கேளுங்கள். சீட்டில் எழுதிய தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த வாரம் வரும்போது, பட்டாளத்தார் வீட்டிலிருந்து வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலும் ஆதார் நகலும் எடுத்து வாருங்கள். மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். எல்லோரும் சேர்ந்து தேதிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். வயதுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.



நினைவில் வைக்க:

1. பயிற்சியை ஓய்வுக்கு முந்திய ஆண்டிலேயே கேட்க வேண்டும்.
2. வயதில் படைப் பணி ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மேலும் 3 ஆண்டு சலுகை உண்டு.
3. மாவட்ட நல அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும்.
4. எல்லாக் காகிதத்திலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.
5. வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது.